ஒரு சிறு பொறியின் சமுதாய வரலாறு

எம்மிடம் முன்னர் தமிழ் கற்ற மாணவன் ஒருவன் இன்று கனடாவிலே ரொறன்ரோ நகரில் வாழ்கிறான். அலுவலகக் கட்டடங்களை இரவிலே துப்புரவு செய்வது அவன் தொழில். கடந்த குளிர்காலத்தில் அவனிடமிருந்து வந்த கடிதத்தில் ஒரு வினா இருந்தது. "சேர், இங்கே கம்பளம் விரித்த தரையில் நடந்துபோய்க் கதவின் உலோகக் கைப்பிடியைத் தொட்டால் தேள் கொட்டினாற்போலச் சுரீரென்கிறது. விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் விரல் நுனியில் நீலப் பொறியொன்று தெரிகிறது. ஓரிரவில் நாற்பது கதவு திறப்பவன் நான். இது ஏன்? இதற்கு என்ன செய்யலாம்?" அவனோடு ஒரே வீட்டில் தங்கியிருக்கும் ஊர்ப் பெரியவர் ஒருவர், "இது உடம்புச் சூடு தம்பி, எண்ணெய் வைத்து முழுகு" என்று சொன்னாராம்.

விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்க வேண்டியதைத் தமிழாசிரியரிடம் கேட்டதற்காக நாம் அவனைக் குறைகூறவில்லை. நண்பர் ஒருவரின் துணையோடு விடையை அரைப்பக்கத்தில் எழுதி அனுப்பினோம். ஆனால், விடையைத் தேடப் புகுந்தபோது அதனினும் பெரியதோர் உண்மை எமக்குப் புலப்பட்டது. அந்தச் சிறு பொறியை மனிதன் அறிந்துகொண்ட வரலாறும், அதனின்றும் மனிதனைக் காத்த வரலாறும் ஒன்றல்ல. முன்னது பெரும்பாலும் அரசவைகளிலும் அறிஞர் கழகங்களிலும் கைதட்டலோடு நடந்தது. பின்னது சுரங்கத்திலும் ஆலையிலும் கப்பலிலும் உழைப்பாளரின் உடலோடு பிணைந்து நடந்தது. அறிவு பிறந்த நாளுக்கும் அது காவலாகிய நாளுக்கும் இடையே மிக நீண்ட காலம் கிடக்கிறது. அது ஏன் என்பதே இங்கு நாம் ஆராயப் புகும் பொருள்.

முதலில் மாணவனுக்கு எழுதிய விடையைச் சொல்லிவிடுவோம். வெவ்வேறான இரு பொருள்கள் ஒன்றையொன்று தொட்டுப் பிரியும்போது ஒன்றிலுள்ள இலத்திரன்களிற் சில மற்றதற்குச் சென்றுவிடுகின்றன. ஒன்று நேர் மின்னேற்றமும் மற்றது எதிர் மின்னேற்றமும் பெறுகின்றன. உராய்வு இத்தொடுகையைப் பெருக்குகிறது. றப்பர் அடி கொண்ட சப்பாத்தோடு நைலோன் கம்பளத்தில் நடப்பவன் அடிக்கு அடி இவ்வாறு மின்னேற்றம் பெறுகிறான். அவன் உடல் மின்னைக் கடத்தும், சப்பாத்தோ கடத்தாது. ஆகவே ஏற்றம் நிலத்துக்குச் செல்ல வழியின்றி உடலிலே தங்குகிறது. கைப்பிடியை விரல் அணுகும்போது இடையிலுள்ள வளியைப் பிளந்துகொண்டு அது பாய்கிறது. அதுவே பொறி, அதுவே கடி.

வளி ஈரமாயிருப்பின் பொருள்களின் மேற்பரப்பிற் படியும் நுண்ணிய நீர்ப்படலத்தின் வழியே ஏற்றம் உடனுக்குடன் கசிந்து போய்விடும. கடல் சூழ்ந்த எம் நாட்டில் இதனை நாம் பெரிதும் உணராமைக்கு அதுவே காரணம். குளிர்நாட்டின் மாரிவளியில் நீராவி மிகக் குறைவு. அவ்வளியை வீட்டினுள் கொணர்ந்து சூடாக்கும்போது அதன் ஈரப்பதன் மேலும் தாழ்கிறது. அத்தகைய வளியில் கம்பளத்தில் நடப்பவன் உடலில் பதினாயிரம் வோல்ற்றும் அதற்கு மேலும் ஏறக்கூடும். ஏறத்தாழ மூவாயிரம் வோல்ற்றுக்குக் குறைந்த பொறியை எமது உடல் உணர்வதில்லை. எமது வீட்டுச் சுவரிலுள்ள மின்சாரம் 230 வோல்ற்றே, அது கொல்லும். பதினாயிரம் வோல்ற்றுப் பொறியோ கொல்வதில்லை. முன்னதில் மின் தொடர்ந்து ஓடுகிறது. பின்னதிலுள்ள மின்னேற்றம் மிகச் சிறிது. கண்ணிமைக்கு முன்னே தீர்ந்துவிடுகிறது.

இவ்வளவும் இன்று பாடநூற் செய்தி. இதனை அறிய மனிதனுக்கு இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகள் சென்றன.

அம்பர் என்பது பண்டை மரங்களின் பிசின் மண்ணிற் புதையுண்டு இறுகிய மஞ்சட் கல். அதனைத் துணியில் தேய்த்தால் துரும்பை இழுக்கும் என்பதைக் கிரேக்கத் தத்துவஞானி தேலிசு கி.மு. 6ஆம் நூற்றாண்டில் அறிந்திருந்தார் என்பது மரபு. கிரேக்கர் அக்கல்லை 'எலெக்ரொன்' என்றனர். மேலைமொழிகள் மின்சாரத்துக்கு வழங்கும் பெயர் அதிலிருந்து வந்தது. பாரசீகர் அதனை 'கஃருபா', அதாவது வைக்கோற் கள்வன், என்றனர். அரபு மொழி இன்றும் மின்சாரத்தை அப்பெயராலேயே அழைக்கிறது. அம்பரின் இயல்பைப் பல மக்களும் அறிந்திருந்தனர் என்பதற்கு இச்சொற்களே சான்று.

அறிந்திருந்தும், அறிந்த அளவிலேயே ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் நின்றனர். பண்டைக் கிரேக்க விஞ்ஞானத்தை ஆராய்ந்த பெஞ்சமின் பாரிங்ரன், கைத்தொழிலை அடிமைகளின் வேலையென இகழ்ந்த சமுதாயத்தில் சிந்தனை கையினின்றும் பிரிந்து மலடாயிற்று என்று வாதிட்டார். எல்லாவற்றையும் அவ்வொரு காரணத்தால் விளக்கிவிட முடியாதெனினும், எமது பொருளைப் பொறுத்தவரை அவர் கூற்றில் உண்மையுண்டு. துரும்பை இழுக்கும் கல்லைப் பற்றிப் பேசியோர் பலர். தம் கையால் நூறு பொருள்களைத் தேய்த்துப் பார்த்தோர் இலர்.

அப்படித் தேய்த்துப் பார்த்தவர் இங்கிலாந்தின் மருத்துவர் வில்லியம் கில்பேட். 1600 ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது காந்தம் பற்றிய நூலில், அம்பர் மட்டுமன்றிக் கண்ணாடி, கந்தகம், மணிக்கற்கள் முதலியனவும் துரும்பை இழுக்கும் என்று காட்டினார். ஈரவளியில் இவ்வியல்பு குன்றுகிறது என்பதையும் அவர் குறித்தார். எம் மாணவனுடைய வினாவுக்குரிய விடையின் ஒரு பாதி 1600 ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்டுவிட்டது!

கில்பேட்டுக்கு இம்முறை எங்கிருந்து வந்தது? 1581 ஆம் ஆண்டிலே, மாலுமியாயிருந்து திசையறிகருவி செய்பவனாக மாறிய றொபேட் நோர்மன் என்பவன், காந்த ஊசி கீழ்நோக்கிச் சாய்வதைத் தான் கண்டு அளந்த செய்தியை நூலாக வெளியிட்டிருந்தான். கில்பேட் அந்நூலை அறிந்தவர். மாலுமிகளும் கொல்லரும் கருவி செய்வோரும் பயின்ற பரிசோதனை முறையையே கற்றறிந்த மருத்துவர் கைக்கொண்டார் என்று எட்கார் சில்செல் 1941 ஆம் ஆண்டில் நிறுவ முயன்றார். கடல்வணிகம் எழுச்சியுற்ற காலத்தில், கையறிவும் நூலறிவும் முதன்முறையாக ஒரு மேசையில் அமர்ந்தன எனலாம்.

இதனினும் வியப்புக்குரியது ஸ்ரீபன் கிறேயின் வாழ்க்கை. 1666 ஆம் ஆண்டில் கன்ரபெரி நகரில் சாயத்தொழிற் குடும்பமொன்றிற் பிறந்தவர் அவர். தாமும் அத்தொழிலே செய்தார். முதுமையிலும் வறுமையிலும் இலண்டன் சாட்டர்கவுசு அறநிலையத்தில் உணவும் உறைவிடமும் பெற்று வாழ்ந்தார். அங்கேதான், கண்ணாடிக் குழாயொன்றைத் தேய்த்துத் தேய்த்து, மின் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்லும் என்பதைக் கண்டார். 1729 ஆம் ஆண்டில் தம் நண்பர் கிரன்வில் வீலரின் மாளிகையில் சணற் கயிறொன்றைப் பட்டுநூல்களில் தொங்கவிட்டு, எழுநூறு அடிக்கும் அப்பால் மின்னைச் செலுத்தினர். இடையிலே பட்டுநூல் அறுந்தது. அதனினும் வலியதென்று பித்தளைக் கம்பியைக் கட்டியபோது மின் செல்லாது ஒழிந்தது. கம்பி மின்னை மேற்கூரைக்குக் கொண்டுபோய்விட்டது. பட்டு அதனைத் தடுத்து வைத்திருந்தது. கடத்தி, காவலி என்ற பாகுபாடு அறுந்த நூலொன்றிலிருந்து பிறந்தது. கம்பளத்தில் நடப்பவனின் உடல் கடத்தி, அவனது சப்பாத்து காவலி என்று இன்று நாம் சொல்லும்போது, பட்டுக்கும் சாயத்துக்கும் கைபழகிய அந்த முதியவரையே எடுத்துரைக்கிறோம்.

1730 ஆம் ஆண்டு ஏப்ரில் 8ஆம் நாள் கிறே மற்றொரு பரிசோதனை செய்தார். எட்டு ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனை, ஏறத்தாழ 47 இறாத்தல் நிறையுடையவனை, கயிறுகளிற் கிடைநிலையாகத் தொங்கவிட்டு, தேய்த்த குழாயை அவன் பாதத்தருகே பிடித்தார். சிறுவனின் முகமும் கையும் பித்தளைத் தகட்டுத் துணுக்குகளை இழுத்தன. மனித உடலும் கடத்தியே என்பது வெளியாயிற்று. அச்சிறுவனின் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை. கண்டுபிடித்தவருக்கோ அரச கழகத்தின் கொப்லி விருது 1731 இலும் 1732 இலும் கிடைத்தது. விருதுகள் அவர் வறுமையைப் போக்கவில்லை. 1736 ஆம் ஆண்டில் அவர் இறந்தார். அதற்கு முதல்நாள்வரை தம் பரிசோதனைகளைக் கழகத்தின் செயலாளருக்குச் சொல்லி எழுதுவித்துக்கொண்டிருந்தார்.

தொங்கிய சிறுவன் ஐரோப்பிய மாளிகைகள் அனைத்துக்கும் வேடிக்கைப் பொருளானான். பிரான்சின் அரச பூங்காவுக்குத் தலைவரான டு பே, தம்மையே பட்டுக் கயிற்றில் தொங்கவிட்டு மற்றொருவரைத் தொடச் செய்தார். பொறி பறந்தது, இருவருக்கும் நொந்தது. ஜேர்மனியில் விற்றன்பேர்க் நகரத்துப் பேராசிரியர் போசு, மின்னேற்றிய மங்கையொருத்தியை முத்தமிட வரும்படி விருந்தினரை அழைத்தார். வந்தவரின் உதட்டிற் பொறி பாய்ந்தது. இதுவே சீமான்களும் சீமாட்டிகளும் மின்னை அறிந்த முறை.

1745, 1746 ஆம் ஆண்டுகளில் ஜேர்மனியிற் கிளைசற் என்பவரும் ஒல்லாந்தின் லெய்டன் நகரில் முசன்புறூக் என்பவரும் நீர் நிறைத்த கண்ணாடிச் சாடியில் மின்னைச் சேர்த்து வைக்க முடியும் என்பதைத் தற்செயலாகக் கண்டனர். அச்சாடியின் அடி கைப்பிடிப் பொறியினும் பன்மடங்கு வலியது. பிரான்சு நாடே பரிசாகக் கிடைப்பினும் அவ்வடியை மறுமுறை ஏற்கேன் என முசன்புறூக் எழுதினார். ஆனால், பிறர் உடலைப் பற்றி அவ்வளவு கவலை எவர்க்கும் இருக்கவில்லை. 1746 ஆம் ஆண்டில் நொலே பாதிரியார், பிரெஞ்சு மன்னன் முன்னிலையில் 180 காவற்படையினரைக் கைகோத்து நிற்கச்செய்து சாடியின் மின்னை அவர்களூடே செலுத்தினார். அனைவரும் ஒருங்கே துள்ளினர். மன்னன் மகிழ்ந்தான். பின்னர் பாரிசு மடமொன்றில் ஏறத்தாழ இருநூறு துறவிகளை இரும்புக் கம்பிகளாற் பிணைத்து இதனையே செய்தார்.

நொலே உழவர் குடியிற் பிறந்தவர், கூர்த்த அறிவுடையவர். குறை அவருடையதன்று. பிரெஞ்சுப் புரட்சிக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் முந்திய அச்சமுதாயத்தில், விஞ்ஞானி தன் உணவுக்கு மன்னனின் வியப்பையே நம்பியிருந்தான். அரசனைத் துள்ளச் செய்யமுடியாது; காவலரைத் துள்ளச் செய்யலாம். கில்பேட் கண்ட ஈரவளியின் இயல்பும், கிறே கண்ட கடத்தியின் இயல்பும் அவர்கள் கையில் இருந்தன. அவற்றைக் கொண்டு மின்னை எவ்வாறு மிகுவிப்பது என்று ஆராய்ந்தனர்; எவ்வாறு தணிப்பது என்று ஒருவரும் ஆராயவில்லை. தணிக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை!

அத்தேவை முதன்முதலில் இடியின் வடிவில் வந்தது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து அச்சுத்தொழிலாளியாய் உயர்ந்த பெஞ்சமின் பிராங்கிளின் 1747 ஆம் ஆண்டில் ஒரு பரிசோதனையை விவரித்தார். இருவர் மெழுகுக் கட்டிகளின் மேல் நிற்க, ஒருவர் குழாயைத் தேய்க்கிறார். மற்றவர் அதிலிருந்து மின்னைப் பெறுகிறார். தரையில் நிற்கும் மூன்றாமவர் அவர்களில் எவரைத் தொட்டாலும் பொறி பறக்கிறது. முதலிருவரும் ஒருவரையொருவர் தொட்டால் இன்னும் வலிய பொறி பறக்கிறது. ஆகவே தேய்ப்பதால் மின் படைக்கப்படுவதில்லை; ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செல்கிறது; ஒருவரிடம் மிகுதி, மற்றவரிடம் குறை என்றார் பிராங்கிளின். கம்பளத்தில் நடப்பவனும் மெழுகின்மேல் நிற்பவனும் ஒருவரே. மிகுதியை மெல்ல நிலத்துக்கு வழிவிட்டால் பொறி தோன்றாது என்ற தத்துவமும் இங்கேயே அடங்கியுள்ளது. சமத்துவம் பேசிய பிராங்கிளின் தம் வீட்டிலே அடிமைகளை வைத்திருந்தார் என்பதையும் நாம் மறப்பதற்கில்லை.

இடியும் இம்மின்னே என்று அவர் ஊகித்ததை முதலில் மெய்ப்பித்தவர் யார்? பாரிசுக்கு அணித்தான மார்லி என்னும் சிற்றூரில் டலிபார் என்ற அறிஞர் நாற்பது அடி உயர இரும்புக் கோலொன்றை நிறுவியிருந்தார். 1752 ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் இடிமுகில் வந்தபோது அவர் ஊரில் இல்லை. காவலுக்கு இருந்தவர் கொய்பியே என்னும் ஓய்வுபெற்ற குதிரைவீரர், தச்சுத்தொழில் செய்தவர். அவரே கம்பியை நீட்டி வானத்தின் பொறியை முதன்முதல் வாங்கினார். ஊர்க் குரு ஆலங்கட்டி மழையில் ஓடிவந்து தாமும் வாங்கினார். அறிக்கையைக் கழகத்திற் படித்தவர் டலிபார்.

அடுத்த ஆண்டு, 1753 ஆகஸ்டில், ருசியாவின் பீற்றர்ஸ்பேர்க் நகரில் ரிச்மன் என்ற விஞ்ஞானி இதே ஆய்வில் இறந்தார். அவர் வீட்டுக் கோல் நிலத்தோடு இணைக்கப்பட்டிருக்கவில்லை; மின் அவர் நெற்றியின் வழியே நிலத்தைத் தேடிற்று. அவரது நண்பர் லொமொனோசொவ், வடகடல் மீனவனின் மைந்தர், அன்றைய தினமே அரசவைப் பிரபு ஒருவருக்கு ஒரு கடிதம் எழுதினார். விதவைக்கு உதவிப்பணம் வழங்க வேண்டும் என்றும், இம்மரணத்தை விஞ்ஞானத்துக்கு எதிராகத் திரித்துவிட இடங்கொடுக்கக் கூடாது என்றும் அதில் வேண்டினார். இறந்தவனின் குடும்பத்தையும் அறிவின் எதிர்காலத்தையும் ஒரே மூச்சில் நினைத்த அக்கடிதத்தை எமது பொருளின் வரலாற்றிலே மனிதம் பேசிய முதற் குரலாக நாம் மதிக்கிறோம்.

பிரான்சின் சென்ற் ஓமேர் நகரில் விசரி என்பவர் 1780 ஆம் ஆண்டில் தம் வீட்டில் இடிதாங்கி நிறுவினார். அயலவர் அஞ்சினர், நீதிபதிகள் அகற்ற ஆணையிட்டனர். மேன்முறையீட்டில் அவருக்காக வாதாடி 1783 ஆம் ஆண்டில் வென்ற இளம் வழக்கறிஞரின் பெயர் மக்சிமிலியன் றொபெஸ்பியர். பின்னாளில் புரட்சியின் குரலாகியவர் பொதுவாழ்வில் முதற்புகழ் பெற்றது இடிதாங்கியின் வழக்கிலே என்பது வெறும் தற்செயலன்று. அச்சத்தின் ஆட்சிக்கு எதிரான வழக்கு அது.

இடிதாங்கி உடைமையைக் காத்தது. ஆகவே விரைந்து பரவிற்று. உழைப்பவனின் விரலிற் பாயும் சிறு பொறியை நோக்கி விஞ்ஞானம் திரும்ப இயந்திரத் தொழில் வரவேண்டியிருந்தது.

1840 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசில் நகருக்கு அண்மையிலிருந்த நிலக்கரிச் சுரங்கமொன்றில், நீராவி இயந்திரத்தைக் கவனித்துவந்த தொழிலாளி, கசிந்த நீராவியில் ஒரு கையை வைத்து மறுகையாற் கொதிகலத்தின் நெம்பைத் தொட்டபோது சுரீரென அடியுண்டார். செய்தியறிந்து வந்தவர் வில்லியம் ஆம்ஸ்ரோங் என்ற வழக்கறிஞர். துளைவழியே பீறிடும் ஈர நீராவி மின்னேற்றம் பெறுகிறது என்பதை அவர் நிறுவினார். அதைக்கொண்டு பெரும் பொறிகளைத் தரும் இயந்திரம் ஒன்றைச் சமைத்து இலண்டனிற் காட்சிக்கு வைத்தார்; 1846 இல் அரச கழகத்தின் அங்கத்தவரானார். பின்னர் பீரங்கித் தொழிலிற் பெருஞ்செல்வரானார். 1871 ஆம் ஆண்டில் நியூகாசில் பொறித்தொழிலாளர் ஒன்பது மணிநேர வேலைநாளுக்காக வேலைநிறுத்தம் செய்தபோது முதலாளிகளின் பக்கம் தலைமை தாங்கியவரும் அவரே. தொழிலாளர் வென்றனர். தொழிலாளியின் கையிற் பாய்ந்த அடி ஒருவருக்குப் புகழேணியாயிற்று. ஆனால், நீராவியினால் வந்த அப்பொறியின் பாடத்தை உலகம் முற்றாகக் கற்றுக்கொள்ளவில்லை என்பதை இன்னும் 129 ஆண்டுகளுக்குப் பின்னர் காண்போம்.

பருத்தியாலைகளில் நிலைமின் வேறு வடிவில் தொல்லை தந்தது. வறண்ட வளியில் இழைகள் மின்னேற்றம் பெற்று ஒன்றையொன்று விலக்கிச் சிலிர்த்து நிற்கும். உலர்ந்த பாவு நூலும் அறுந்து போகும். வளியை ஈரமாக்கினால் இரண்டும் தீரும். இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவுச் சாலைகளின் உடைமையாளர் என்ன செய்தனர்? நீராவியைச் சாலையினுள்ளேயே பாய்ச்சினர். நூல் பிழைத்தது, நெசவாளர் நனைந்த உடையோடு வெந்த வளியில் நின்று நோயுற்றனர். அவர்களின் கிளர்ச்சியின் பயனாக 1889 ஆம் ஆண்டிற் பருத்தித்துணி ஆலைச் சட்டம் வந்து, எவ்வளவு ஈரம் அனுமதிக்கப்படும் என்பதற்கு வரம்பு கட்டிற்று. ஈரவளி நிலைமின்னுக்கு மருந்து என்பது உண்மை. ஆயினும் அம்மருந்தை யாருடைய நலத்துக்காக, எந்த அளவில் கொடுப்பது என்பதை விஞ்ஞானம் தனித்துத் தீர்மானிப்பதில்லை.

வைத்தியசாலைகளிலும் இப்பொறி மனிதரைக் கொன்றதுண்டு. நோயாளியை மயக்கப் பயன்பட்ட ஈதரும், 1930கள் முதல் வழங்கிய சைக்கிளோபுறப்பேனும் எளிதில் தீப்பற்றுவன. கம்பளிப் போர்வையை உருவும்போது தோன்றும் பொறி போதும், சத்திரசிகிச்சைக் கூடம் வெடிக்க. ஆகவே தாதியர் பருத்தியாடை அணிந்தனர்; தரையும் சக்கரங்களும் சப்பாத்துகளும் மின்னை மெல்லக் கசியவிடும் பொருள்களாற் செய்யப்பட்டன. 1956 ஆம் ஆண்டு முதல் தீப்பற்றாத ஹலோதேன் வழக்குக்கு வரவே அவ்வாபத்து படிப்படியாக நீங்கிற்று.

இனி 1969 ஆம் ஆண்டு டிசம்பருக்கு வருவோம். அம்மாதத்தில், மூன்று கிழமைக்குள், ஆபிரிக்கக் கரையோரக் கடல்களில் மூன்று பேரெண்ணெய்க் கப்பல்கள் வெடித்தன. மார்பெசா மூழ்கிற்று; மக்ராவும், நோர்வேயின் ஏழாம் ஹாக்கொன் மன்னன் பெயர் தாங்கிய கப்பலும் பெருஞ்சேதமுற்றன. மாலுமிகள் சிலர் உயிரிழந்தனர். மூன்றிலும் எண்ணெய் இறக்கிய வெறுந் தாங்கிகளைப் பெருவிசை நீர்த்தாரையினாற் கழுவிக்கொண்டிருந்தனர். சிதறிய நீர்த்துளிகள் மின்னேற்றம் பெற்றுத் தாங்கியினுள்ளே முகிலாய்த் திரண்டன என்பதை ஆய்வுகள் காட்டின. 1840 ஆம் ஆண்டில் சுரங்கத் தொழிலாளியின் கையில் ஈர நீராவி சொன்ன பாடத்தின் உறவே இது.

பெற்றோல் ஆவி பற்றுவதற்கு ஒரு யூலின் ஆயிரத்திலொரு பங்கும் வேண்டியதில்லை. அதனிற் காற்பங்கு போதும். கம்பளத்தில் நடப்பவன் விரலிற் பறக்கும் பொறியில் அதனிலும் பன்மடங்கு சக்தி உண்டு. தாங்கியின் வெற்றிடத்தை ஒட்சிசன் குறைந்த புகைபோக்கி வாயுவால் நிரப்பினால் எப்பொறியும் அங்கே தீ மூட்டாது. இம்முறையை அமெரிக்க எண்ணெய்க் கம்பனியொன்று 1930களிலேயே கைக்கொண்டிருந்தது. உலகக் கப்பல்கள் அனைத்துக்கும் அதனை விதியாக்க 1974 ஆம் ஆண்டின் சர்வதேசக் கடற்பாதுகாப்பு உடன்படிக்கையும் அதன் 1978 ஆம் ஆண்டு நெறிமுறையும் வேண்டியிருந்தன. நாற்பது ஆண்டு தாமதத்துக்கு அறியாமை காரணமன்று. செலவே காரணம் என்று நாம் துணிந்து கூறலாம்.

இவ்வரலாற்றின் கடைசி ஏடு எமது ஆசியாவிற் புரள்கிறது. மலேசியாவின் பினாங்கில் 1972 ஆம் ஆண்டில் சுதந்திர வர்த்தக வலயம் தோன்றியது முதல், ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் மின்னணுச் சில்லுகளைப் பொருத்தும் தொழிலிற் சேர்ந்தனர். இத்தகைய தொழிற்சாலைகளில் வேலை செய்வோர் மணிக்கட்டில் ஒரு வாரினை அணிகின்றனர். அதிலிருந்து ஒரு கம்பி நிலத்தோடு இணைகிறது. உடலில் ஏறும் மின்னை அது அப்போதைக்கப்போது கசியவிடுகிறது. மனித உடல் உணராத நூறு வோல்ற்றும் சில சில்லுகளைப் பழுதாக்கிவிடும். அவ்வாரிலே பத்திலட்சம் ஓம் தடையொன்று வைக்கப்பட்டுள்ளது. அது அணிபவரின் பாதுகாப்புக்கு. வாரோ சில்லின் பாதுகாப்புக்கு. கிறேயின் கடத்தியும் காவலியும், பிராங்கிளினின் மிகுதியும் குறையும் அந்தச் சிறு வாரிலே முழுமை பெற்றுள்ளன. மனிதனை நிலைமின்னினின்றும் காப்பதற்குச் செலவழிக்கத் தயங்கிய உலகம், சில்லினைக் காப்பதற்குத் தயங்கவில்லை.

எம் மாணவனுக்கு என்ன பரிகாரம் கூறினோம்? கைப்பிடியைத் தொடுமுன் சாவியொன்றைக் கையில் இறுகப் பிடித்து அதன் நுனியால் உலோகத்தைத் தொடு. பொறி சாவியிற் பாயும், விரல் நோகாது. றப்பர் அடிச் சப்பாத்தைத் தவிர்த்துத் தோலடி அணி. நைலோன், பொலியெஸ்ரர் உடைகளை விடுத்துப் பருத்தியை உடுத்து. காரிலிருந்து இறங்கும்போது அதன் உலோகப் பகுதியைப் பிடித்தபடியே காலை நிலத்தில் வை. பெற்றோல் நிரப்பும்போது இடையிலே காருக்குள் ஏறி இறங்காதே. இறங்கினால் குழாயைத் தொடுமுன் காரின் உலோகத்தைத் தொடு. தனிக் கலத்தில் நிரப்புவதாயின் அதனை நிலத்திலே வைத்து நிரப்பு. தோல் வறளாமல் எண்ணெயோ களிம்போ பூசு. பெரியவர் சொன்ன எண்ணெய் பயன்படும். அவர் சொன்ன காரணமே பிழை. இவ்வாறு எழுதினோம்.

மறுகடிதம் வந்தது. சாவி நன்றாகப் பயன்படுகிறதாம். அதனோடு ஒரு செய்தியும் இருந்தது. அக்கட்டடத்தில் வளியை ஈரமாக்கும் இயந்திரம் பகலில் இயங்குமாம். அலுவலர் போனதும் அதனை நிறுத்திவிடுவராம். "பகலில் இருப்பவர்களுக்கு ஏன் கடிப்பதில்லை என்று இப்போதுதான் விளங்குகிறது, சேர்" என்று எழுதியிருந்தான்.

இவ்வொரு வாக்கியம் நாம் இதுகாறும் எழுதிய அனைத்தினும் தெளிவானது. சாவி அவனுடைய பரிகாரம். ஈரவளி உடைமையாளரின் கடமை. முன்னதை ஓர் ஆசிரியர் கடிதத்தில் எழுதிவிடலாம். பின்னதை நெசவாளர் 1889 இல் பெற்றதுபோல ஒன்றுகூடிக் கேட்டே பெறவேண்டும். அவனோடு அவ்விரவு வேலை செய்வோர் பன்னிருவராம். கேட்டுப் பார்க்கப் போவதாக எழுதியிருக்கிறான்.

எமது வகுப்பறைகளில் சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்குகளை இழுத்துக் காட்டுகிறோம். மாணவர் கைதட்டுகின்றனர். நொலேயின் மன்னனும் அவ்வாறே கைதட்டினான். அக்காட்சியோடு பாடத்தை முடித்துவிடும் ஆசிரியர் பதினெட்டாம் நூற்றாண்டில் நின்றுவிடுகிறார். கயிற்றிற் தொங்கிய பெயரற்ற சிறுவனையும், கசிந்த நீராவியிற் கைவைத்த சுரங்கத் தொழிலாளியையும், தாங்கி கழுவிய மாலுமியையும் அதே பாடத்திற் சேர்த்துச் சொல்வோம். சீப்பைக் கையில் பிடித்திருக்கும் மாணவன், துரும்பு ஏன் பாய்கிறது என்று மட்டுமன்றி, பொறி யார்மீது பாய்கிறது என்றும் கேட்கத் தொடங்குவான்.